உடல், உணவு, பிறன்: தன்னெதிர்ப்பு நோய் குறித்துச் சில குறிப்புகள்

அக்காவின் அடுக்களைச் சுவரில் ஒரு ஜெராக்ஸ் தாள் ஒட்டியிருந்தது. இரண்டு பத்தி. ஒன்று 'ஆகாதவை', மற்றது 'ஆகுபவை'. ஆகாதவை நீளம்: கோதுமை, பால், தயிர், புளி, தக்காளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, வாழைக்காய், மொச்சை, முட்டை, கறி, மீன், கருவாடு. ஆகுபவையில் கஞ்சி, சுரைக்காய், பூசணிக்காய், இளநீர், இன்னும் ஏதோ இரண்டு. அடியில் கொட்டை எழுத்தில் 'குடல் சுத்தமானால் சகலமும் சுத்தம்'.

அவளுக்குச் சரவாங்கி. ஆஸ்பத்திரிச் சீட்டில் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். வாரத்துக்கு ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட், வேறொரு நாள் ஃபோலிக் ஆசிட் என்று மூன்று வருடம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கை. தாளைக் கொடுத்தவர் அந்த மாத்திரை விஷம், அது குடலைக் கெடுக்கிறது, நோயே குடலிலிருந்துதான் புறப்படுகிறது என்று சொல்லியிருக்கிறார். நம்பிவிட்டாள். எட்டு மாதம் மாத்திரையைத் தொடவில்லை. நான் ஊருக்குப் போனபோது 38 கிலோ இருந்தாள். வலதுகை விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. தோசை திருப்ப இடதுகையைப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் ஒண்ணுதான் கேக்காவ தம்பி, நீ என்னத்தத் தின்னன்னு. அம்ம செத்த வீட்ல தின்ன புளியோதரை வரைக்கும் யோசிச்சுப் பாத்துட்டேன்."

இந்தக் கேள்வியிலிருந்துதான் இதை எழுதுகிறேன். நீ என்ன தின்றாய் என்கிற கேள்வி மருத்துவத்தின் கேள்வியா, ஒழுக்கத்தின் கேள்வியா? தாளைக் கிழித்தெறிந்துவிட்டு 'மூடநம்பிக்கை' என்று முடித்துக்கொள்வது எனக்கு எளிது. நம் முற்போக்கு மரபில் அதற்கு வசதியான சொற்கள் நிறையவே உண்டு. சிக்கல் என்னவென்றால், குடலுக்கும் உணவுக்கும் தன்னெதிர்ப்பு நோய்களுக்கும் உறவு இருக்கிறது என்று தாளைக் கொடுத்தவர் சொன்னது முழுப்பொய் அல்ல. ஆய்வுக்கூடங்களும் இன்று அதைத்தான் துருவிக்கொண்டிருக்கின்றன. ஆக, எவ்வளவு மெய், எங்கே அந்த மெய் தன் எல்லையைத் தாண்டி அதிகாரமாக மாறுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் கருத்தாக்கத்தின் கதை. 1900-1901 வாக்கில் ஃபிராங்க்ஃபர்ட்டில் பால் எர்லிக் ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் இரத்தத்தை ஊசியில் ஏற்றிப் பார்த்தார். அவை பிற ஆட்டின் இரத்த அணுக்களை அழிக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கின, தம் சொந்த அணுக்களை அழிப்பதை உண்டாக்கவில்லை. உயிரி தன்னைத்தானே தாக்கிக்கொள்ள அஞ்சுகிறது என்ற பொருளில் இதற்கு 'ஹாரர் ஆட்டோடாக்சிகஸ்' என்று லத்தீனில் பேர் வைத்தார். பேர் ஒட்டிக்கொண்டது. 1904இலேயே டோனத், லாண்ட்ஸ்டைனர் இருவரும் தன் இரத்தத்தையே உடைக்கும் எதிர்ப்பொருள் ஒரு நோயில் இருப்பதைக் காட்டியபிறகும், அடுத்த அரை நூற்றாண்டு உடல் தன்னைத் தாக்காது என்பதே வேதவாக்காக இருந்தது. 1956இல் நோயல் ரோஸ், எர்னஸ்ட் விட்டெப்ஸ்கி இருவரும் முயல்களுக்கு அவற்றின் தைராய்டுச் சாற்றையே ஏற்றி அவற்றின் தைராய்டு அழிவதைக் காட்டினார்கள். விட்டெப்ஸ்கி எர்லிக்கின் மரபில் வந்தவர். தன் கண்ணால் கண்டதை நம்ப அவரே தயங்கினார்.

இதற்கிடையே மெல்பர்னில் மக்ஃபார்லேன் பர்னெட் 1949இல் 'தன்', 'பிற' என்ற எதிர்வை நோயெதிர்ப்பியலின் மையத்தில் கொண்டுவந்து வைத்தார். 1960இல் மெடவாருடன் நோபல். தன்னைத் தாக்கும் செல்கள் கருவளர்ச்சியிலேயே களையப்பட்டுவிடும், மிச்சமிருப்பவை பிறனை மட்டும் தாக்கும் என்பது அந்தக் கோட்பாட்டின் எலும்புக்கூடு. இதில் உடல் ஒரு தேசம். எல்லை, காவல், ஊடுருவல்காரன், துரோகி. இந்த உருவகம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை, இரண்டாம் உலகப்போர் முடிந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. பிறகு இதே உருவகம் எதிர்த்திசையில் திரும்பிப் பயணித்தது. தெரிதா 1994இல் காப்ரித் தீவில் நடந்த சந்திப்பில் பேசி 1996இல் வெளியான மதம் பற்றிய கட்டுரையில் 'தன்னெதிர்ப்பு' என்ற சொல்லைக் கடன் வாங்கினார். 2001 செப்டம்பருக்குப் பிறகான நேர்காணலில், தன்னைக் காக்கும் ஏற்பாடுகளையே அழித்துக்கொள்ளும் ஜனநாயகம் பற்றிப் பேச அதையே விரித்தார். நம் சிற்றிதழ்களிலும் அது வந்து சேர்ந்தது. நானே ஒருமுறை பயன்படுத்தியிருக்கிறேன். அக்காவின் விரல்களைப் பார்த்தபிறகு அந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாக எழுத முடியவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

தேச உருவகத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அதுதான் வயிறு. எல்லையைக் காக்கும் தேசம் நாளொன்றுக்கு மூன்று வேளை பிறனை வாசல் திறந்து உள்ளே அழைக்கிறது. சோறு என் உடல் அல்ல, மீன் என் உடல் அல்ல, பருப்பு என் உடல் அல்ல. அவற்றின் புரோட்டீன்கள் அத்தனையும் அந்நியம். ஊசி வழியாக ஏற்றினால் ஆளையே கொல்லக்கூடியதை வாய் வழியாக நாம் ருசித்துத் தின்கிறோம். 1911இல் கிடியன் வெல்ஸ் மக்காச்சோளம் தின்று வளர்ந்த கினிப் பன்றிகளுக்கு மக்காச்சோளப் புரோட்டீனை ஊசியில் ஏற்றினார். மற்றவை ஒவ்வாமை அதிர்ச்சிக்கு ஆளான இடத்தில் இவை தாக்குப்பிடித்தன. தின்பது சகிப்பைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. இதை இன்று வாய்வழிச் சகிப்பு என்கிறார்கள். 1995இல் ஷிமோன் சகாகுச்சி அடையாளம் கண்ட, மற்ற செல்களை அடக்கிவைக்கும் ஒருவகை டி செல்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. அப்படியானால் பிறனைக் கண்டதும் தாக்குவதல்ல, பெரும்பாலும் தாக்காமல் இருப்பதுதான் நோயெதிர்ப்பு மண்டலத்தின் அன்றாட வேலை.

இத்தோடு பாக்டீரியாக்கள். நம் செல்களைவிட அவை பத்து மடங்கு என்பது பழைய கணக்கு, மேடைகளில் இன்னும் சொல்கிறார்கள். 2016இல் திருத்தமாக எண்ணிப் பார்த்ததில் ஒரு மனிதனில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள், 30 லட்சம் கோடி சொந்தச் செல்கள் என்று வந்தது. ஏறத்தாழச் சரிக்குச் சரி. குடலின் பரப்பு டென்னிஸ் மைதானம் அளவு என்பதும் மிகை. 2014இல் அளந்தவர்கள் 32 சதுர மீட்டர் அளவு என்கிறார்கள், ஒரு சின்ன வீட்டின் தரை. அந்தத் தரையில், பெரும்பாலும் ஒரே அடுக்குச் செல்லாலான திரைக்கு இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் நாம். நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடலில் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து ப்யூட்டிரேட் போன்ற சிறு அமிலங்களாக்குகின்றன. அந்த அமிலங்கள் மேலே சொன்ன அடக்கும் செல்களைப் பெருக்குகின்றன என்று 2013இல் மூன்று குழுக்கள் எலிகளில் காட்டின. கீரைத்தண்டுக்கும் சகிப்புக்கும் இப்படி ஒரு பாதை இருக்கிறது. எலிகளில் என்பதை மறக்காமல் வைத்துக்கொள்வோம்.

உணவு தன்னெதிர்ப்பைத் தூண்டுகிறது என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட நோய் ஒன்று உண்டு: சீலியாக். அதை விரிவாகப் பார்க்காமல் சரவாங்கியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

குழந்தைகள் தின்னத் தின்ன மெலிவார்கள், வயிறு ஊதும், கொழுப்பு அப்படியே மலத்தில் போகும். 1888இல் லண்டனில் சாமுவேல் ஜீ இந்த நோயைத் தெளிவாக விவரித்து, குணமாக்க முடியுமானால் அது உணவால்தான் என்றும் சொன்னார். எந்த உணவு என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு குழந்தைக்கு நாள்தோறும் டச்சுச் சிப்பிமீன் கொடுத்தார், தேறியது. சிப்பிப் பருவம் முடிந்ததும் நோய் திரும்பியது. அடுத்த பருவத்தில் குழந்தை சிப்பியைத் தொடவே மறுத்துவிட்டது. நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் 1924இல் வாழைப்பழ வைத்தியத்தை அறிவித்தார். ரொட்டி, பிஸ்கட், தானியம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தி வாழைப்பழமாகக் கொடுத்தார். சாகக் கிடந்த பிள்ளைகள் எழுந்து நடந்தார்கள். ஹாஸ் கடைசிவரை நம்பியது வாழைப்பழத்தைத்தான். அவர் கொடுத்ததில் அல்ல, கொடுக்காமல் விட்டதில் இருந்தது வைத்தியம். அவர் குணமாகிவிட்டார்கள் என்று அனுப்பியவர்கள் கோதுமைக்குத் திரும்பியபோது நோயும் திரும்பியது. சரியான பலனிலிருந்து தவறான காரணத்துக்குப் போவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அக்காவின் தாளைப் பார்க்கும்போதெல்லாம் ஹாஸின் ஞாபகம் வருகிறது.

ஹாலந்தில் வில்லம் கரேல் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், ஹேக் நகரத்தில். ரொட்டியை நிறுத்தினால் தன் பிள்ளைக்குச் சரியாகிவிடுகிறது என்று ஒரு தாய் அவரிடம் சொன்னதாக அவரைப் பற்றி எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். அடுக்களையிலிருந்து வந்த அறிவு. 1930களிலேயே அவர் கோதுமையை நிறுத்திப் பார்க்கத் தொடங்கிவிட்டார். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் மேற்கு ஹாலந்தில் பஞ்சம். ஜனங்கள் துலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். ஊரே பட்டினியில் கிடக்க, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் படுத்தார்கள். பஞ்சம்தான் கண்டுபிடிப்பைத் தந்தது என்று கதை பரவியிருக்கிறது. உண்மையில் அது டிக்கேயின் முன் சந்தேகத்தை உறுதிசெய்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த உறுதியும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வான் டி காமர், வெய்யர்ஸ் இருவருடன் சேர்ந்து மலத்தில் போகும் கொழுப்பை நாள்நாளாக அளந்து, கோதுமை கொடுத்தும் நிறுத்தியும் திரும்பக் கொடுத்தும் பார்த்தார். 1950இல் உட்ரெக்ட்டில் ஆய்வேடு. நிறுத்தி, திரும்பக் கொடுத்து, அளந்து. இந்த மூன்றும்தான் ஹாஸிடம் இல்லாதவை.

கோதுமை எப்படி இதைச் செய்கிறது என்பது தெரிய இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. கோதுமையின் குளூட்டன் புரோட்டீனில் புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் மிகுதி. நம் என்சைம்களுக்குப் புரோலின் கிடக்கும் இடத்தில் வெட்டத் தெரியாது. எல்லோர் குடலிலும், உங்கள் குடலிலும் என் குடலிலும்கூட, செரிக்காத துண்டுகள் மிஞ்சும். 33 அமினோ அமில நீளமுள்ள ஒரு துண்டை 2002இல் ஸ்டான்ஃபோர்டில் அடையாளம் கண்டார்கள். குடல் சுவரில் திசுக்களைப் பழுதுபார்க்க என்று ஒரு என்சைம் உண்டு, டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ். அது இந்தத் துண்டைப் பிடித்து அதிலுள்ள குளூட்டமின் சிலவற்றைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. அந்தச் சின்ன மாற்றத்தால் துண்டு எதிர்மின்னூட்டம் பெறுகிறது. எச்.எல்.ஏ. டி.க்யூ. 2 அல்லது 8 என்ற மரபு வகை உள்ளவர்களின் செல்களில் அது கச்சிதமாகப் போய் உட்காருகிறது, டி செல்கள் அதைக் கண்டு கிளர்ந்தெழுகின்றன. குடல் உறிஞ்சிகள் தேய்ந்து தரைமட்டமாகின்றன.

இது பிறனைத் தாக்கும் கதை. தன்னைத் தாக்குவது எங்கே வருகிறது? 1997இல் பெர்லினில் டெட்லெஃப் ஷுப்பான் குழு, நோயாளிகளின் எதிர்ப்பொருள் குறிவைப்பது கோதுமையை மட்டுமல்ல, அந்த என்சைமையும்தான் என்று கண்டது. உடலின் சொந்தப் பொருள். ஆஸ்லோவின் லுத்விக் சோலிட் அதே வருடம் தந்த விளக்கம் இன்றும் பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. வேலை பார்க்கும்போது என்சைமும் கோதுமைத் துண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. என்சைமை அடையாளம் காணும் பி செல் ஒன்று இரண்டையும் சேர்த்தே விழுங்குகிறது. அந்த பி செல் எதிர்ப்பொருள் உற்பத்தி செய்ய ஒரு டி செல்லின் சம்மதம் வேண்டும். என்சைமுக்கு எதிரான டி செல் தேவையில்லை, ஏற்கெனவே கோபத்தில் இருக்கும் கோதுமை டி செல்லே சம்மதம் கொடுத்துவிடுகிறது. அதாவது தன்மீதான பகை, பிறன்மீதான பகையிலிருந்து கடன் வாங்கியது. கோதுமையை நிறுத்தினால் டி செல்லுக்கு வேலை இல்லை, என்சைமுக்கு எதிரான எதிர்ப்பொருளும் மாதக்கணக்கில் மெல்லக் குறைகிறது. 'தன்', 'பிற' என்ற எதிர்வு இந்த இடத்தில் எவ்வளவு உதிர்ந்துபோகிறது என்று பாருங்கள். நம் கோட்பாட்டு நண்பர்கள் யாரும் செய்யாத கட்டுடைப்பை ஒரு சப்பாத்தித் துண்டு செய்கிறது.

இத்தனையும் தெரிந்தபிறகும் ஒன்று இடிக்கிறது. அந்த மரபு வகை மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. கோதுமையைக் கோடிக்கணக்கானோர் தின்கிறார்கள். நோய் வருவது நூற்றுக்கு ஒருவர் அளவுக்குத்தான். இந்தியாவிலேயே ஒரு ஆய்வு நடந்தது. ராமகிருஷ்ணா, மகாரியா முதலானோர் 2016இல் வெளியிட்டது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பேர். சீலியாக் எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. மரபு வகை மூன்று இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான், 31இலிருந்து 38 சதவீதத்துக்குள். அப்படியானால் கோதுமைதான் வித்தியாசம் என்று சொல்லத் தோன்றும். வடக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம். சரிதானே? ஆனால் வடகிழக்கில் 37 கிராம்தான். தெற்கைவிட ஒரு பூரி அதிகம். எதிர்ப்பொருளோ எட்டு மடங்குக்கும் மேல். கோதுமையின் அளவு மட்டும் கணக்கை முடிக்கவில்லை.

சுகர்காரர்கள் எல்லோரும் ராத்திரி சப்பாத்திக்கு மாறிவிட்ட தமிழ்நாட்டில் இந்த எண் இனி என்னவாகும் என்று எனக்கு ஒரு குறுகுறுப்பு உண்டு. மரபு வகை நம்மிடமும் இருக்கிறது, கோதுமையும் வந்துவிட்டது. மற்றது என்ன என்பதுதான் கேள்வி.

'மற்றது' என்னவாக இருக்கலாம் என்பதற்குப் பின்லாந்து-ரஷ்ய எல்லை ஒரு தடயம். எல்லைக்கு இருபுறமும் கரேலியா, மரபில் நெருங்கியவர்கள், இருவருமே கோதுமை தின்பவர்கள். பள்ளிப் பிள்ளைகளில் பின்லாந்துப் பக்கம் 107 பேருக்கு ஒருவருக்குச் சீலியாக், ரஷ்யப் பக்கம் 496 பேருக்கு ஒருவர் என்று 2008இல் வெளியானது. தன்னெதிர்ப்பால் வரும் முதல்வகைச் சர்க்கரை நோயிலோ ஆறு மடங்கு வித்தியாசம். வறிய பக்கத்தில் கிருமித்தொற்று அதிகம், தன்னெதிர்ப்பு குறைவு. எந்தக் கிருமிகளோடு வளர்ந்தோம் என்பது சகிப்பின் வரலாற்றில் ஓர் அத்தியாயமாக இருக்கலாம். இதை வைத்து வறுமையே ஆரோக்கியம் என்று யாராவது கிளம்பினால், அதே பக்கத்தில் பிள்ளைகள் வேறு எதனால் சாகிறார்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இப்போது அக்காவின் நோய்க்கு வருகிறேன். சரவாங்கியில் கோதுமைபோல ஒரு குற்றவாளி உணவு இதுவரை இல்லை. இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். உறுதியாக நிறுவப்பட்ட வெளிக்காரணம் உணவு அல்ல, புகைபிடித்தல். அக்கா ஜென்மத்தில் பீடியைத் தொட்டதில்லை, அது வேறு விஷயம்.

ஆனால் தடயங்கள் இருக்கின்றன. கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட ஒருவகை எலிகளுக்கு வர வேண்டிய மூட்டுவாதம் வெகுவாகத் தணிந்துபோயிற்று. அவற்றின் குடலில் இழைபோன்ற ஒரே ஒரு பாக்டீரியா இனத்தை விட்டதும் மூட்டு வீங்கியது. இது 2010இல் ஹார்வர்டில். குடலில் நடப்பது மூட்டில் தெரியும் என்பது இதனால் சாத்தியமாகிறது. 2013இல் நியூயார்க்கில் மனிதர்களிடம் பார்த்தார்கள். புதிதாக நோய்வந்து இன்னும் மருந்து தொடங்காத 44 பேரில் 33 பேரின் குடலில் ப்ரெவோட்டெல்லா காப்ரி என்ற பாக்டீரியா, ஆரோக்கியமானவர்கள் 28 பேரில் ஆறு பேரிடம். குற்றவாளி பிடிபட்டுவிட்டான் என்று எல்லோரும் துள்ளினார்கள். ஆனால் அந்த இனக்குடும்பம் தானியமும் காய்கறியும் நிறையத் தின்கிற ஆப்பிரிக்க, ஆசிய கிராமத்து மனிதர்களின் குடலில் சாதாரணமாகக் குடியிருப்பது. நியூயார்க்கில் சந்தேகத்துக்குரியவன் நம் ஊரில் அடுத்த வீட்டுக்காரன். தவிர, பாக்டீரியாவால் நோய் வந்ததா, நோயால் பாக்டீரியா பெருகியதா என்பதை ஒரு தடவை எண்ணிப் பார்ப்பதால் சொல்லிவிட முடியாது.

பட்டினி கிடந்தால் மூட்டுவலி குறையும் என்று பாட்டிகள் சொல்வதுண்டு. அதிலும் விஷயம் இருக்கிறது. 1991இல் நார்வேயில் யென்ஸ் கெல்ட்சன்-கிராக் முதலானோர் 53 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஏழு முதல் பத்து நாள் உபவாசம், பின் குளூட்டனும் பாலும் இல்லாத மரக்கறி உணவு, அதன்பின் பாலோடு மரக்கறி. மறுபாதி வழக்கமான சாப்பாடு. ஒரு மாதத்தில் முதல் பாதிக்கு வீக்கமும் வலியும் குறைந்தன, ஒரு வருடம் வரை பலன் நின்றது. லான்செட்டில் வந்த ஆய்வு. தாள் கொடுப்பவர்கள் மேற்கோள் காட்டும் ஆய்வும் பெரும்பாலும் இதுதான். ஆனால் யார் எதைத் தின்கிறார்கள் என்று நோயாளிகளுக்குத் தெரியாமல் வைக்க இதில் வழியில்லை. எந்த அம்சம் வேலை செய்தது, பட்டினியா, எடை குறைந்ததா, மீனை விட்டதா, பாலை விட்டதா, ஒன்றும் பிரியவில்லை. ஹாஸின் வாழைப்பழம் மறுபடியும்.

மீனை விட்டது என்றேன். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கொழுப்புள்ள கடல்மீனின் எண்ணெய் சரவாங்கிக்காரர்களின் மூட்டுவலியையும் காலை விறைப்பையும் ஓரளவு குறைக்கிறது, வலிமாத்திரையின் தேவையையும் குறைக்கிறது என்று பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பெரிய பலன் இல்லை, ஆனால் இருக்கிறது. எங்கள் ஊரில் அது சாளை. வள்ளத்திலிருந்து இறங்கி நேராகத் தெருவுக்கு வருவது, ஏழைகளின் மீன். தாளில் சாளையும் ஆகாதவை பத்தியில். கோதுமையோ அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பூரியோடு சரி. யாருடைய அடுக்களையை மனதில் வைத்து எழுதிய தாள் அது? எதைத் தின்பவர்களின் குடல் 'சுத்தம்', எதைத் தின்பவர்களின் குடல் 'அசுத்தம்'? குடலின் பேரில் பேசப்படுவது சில இடங்களில் குடல் அல்ல. கறி மீனை விடு என்பது மருத்துவச் சட்டை போட்டுக்கொண்டு வரும்போது நம்மில் பலருக்கு அதன் பழைய முகம் தெரியாமல் போகிறது. அத்தான் தன் பங்குக்கு மீன் வாங்குவதை நிறுத்தவில்லை, ஆக்கி வைத்தது அக்காதான். ஆகாதவை பத்தி வீட்டில் ஒருத்திக்கு மட்டும்.

'குடல் ஓட்டை' பற்றியும் ஒரு வார்த்தை. குடல் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் தளரும் என்பதும், அதைத் தளர்த்தும் சோனுலின் என்ற பொருளை 2000இல் அலெசியோ ஃபசானோ அறிவித்தார் என்பதும் சரி. அந்த இணைப்பை இறுக்கினால் சீலியாக் தணியுமா என்று லராசோடைட் என்ற மருந்தைச் சோதித்தார்கள். மூன்றாம் கட்டச் சோதனை 2022இல் இடைக்காலக் கணக்குப் பார்த்தபோதே கைவிடப்பட்டது. கோதுமைதான் காரணம் என்று தெரிந்த நோயிலேயே ஓட்டை அடைப்பது இந்தப் பாடு என்றால், சர்வ நோயும் குடல் ஓட்டை என்று பொடி விற்பவர்களை என்ன சொல்ல.

இவ்வளவையும் அக்காவிடம் சொன்னேனா? சொன்னேன், முக்கால்வாசி. சாளைக் கதையில் சிரித்தாள். என்சைம் கதையில் கொட்டாவி விட்டாள். பிறகு கேட்டாள்: "அப்ப நான் ஒண்ணும் தப்பாத் தின்னல்லியா?"

இல்லை என்றேன். அதற்கு ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை.

மறுநாள் பஸ் பிடித்துப் பழைய மருத்துவரிடமே போனோம். திட்டினார், பிறகு இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், ஈரல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார். சாய்ந்த விரல்கள் இனி நேராகாது என்று அவளிடமே நேராகச் சொன்னார், மற்றவற்றைக் காப்பாற்றலாம் என்றார். சாப்பாடு பற்றிக் கேட்டதற்கு, கீரையும் பயறும் மீனும் நன்றாகச் சாப்பிட்டு முதலில் எடையை ஏற்று என்றார். ஏதாவது ஒன்றைச் சாப்பிட்டால் வலி கூடுகிறது என்று உனக்கே பட்டால் அதை மட்டும் இரண்டு வாரம் நிறுத்து, பின் மறுபடி சாப்பிட்டுப் பார், நோட்டில் எழுதிக் கொண்டுவா, மாத்திரையை மட்டும் நிறுத்தாதே என்றார். டிக்கேயின் பேர் அவருக்குத் தெரியுமோ என்னவோ.

நோட்டில் இதுவரை ஒரே ஒரு பதிவு. கத்தரிக்காய். நிறுத்தினாள், வலி குறையவில்லை. திரும்பத் தின்றாள், கூடவும் இல்லை. பக்கத்தில் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறாள். எழுத்து இடதுகையால் எழுதியது.